தரையில் பயிலும் தற்காப்புக் கலை

தற்காப்புக் கலை என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றும் காட்சி ஒன்றுதான். வெள்ளுடை அணிந்த ஒருவர் உரக்கக் கத்திக்கொண்டு அடுக்கி வைத்த ஓடுகளைக் கையால் உடைப்பார். அல்லது திரைப்படத்தில் வருவதுபோல் சுழன்று சுழன்று உதைப்பார். எப்படியாயினும் அவர் நின்றுகொண்டிருப்பார். கீழே விழுந்தவர் தோற்றவர் என்பதே நாம் அறிந்த கணக்கு.

ஆனால் விழுந்துவிட்ட பிறகு என்ன செய்வது? நம்மைவிடப் பலசாலியான ஒருவன் நம்மைத் தள்ளிவிட்டு மேலே ஏறி அழுத்திக்கொண்டால், ஓடு உடைக்கும் கை அப்போது எதற்குப் பயன்படும்?

இக்கேள்வி எங்களுக்குள் எழுந்தது ஒரு சனிக்கிழமை மாலையில். ஜூடோ கற்றுத்தர வரும் ஆசிரியை அன்று மெத்தைகளை விரித்து, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மல்லாந்து படுக்கச் சொன்னார். அவள் எடை 34 கிலோ. பதினோராம் வகுப்பு அக்கா ஒருத்தியை அவள் வயிற்றின்மேல் அமர்ந்து இரு மணிக்கட்டுகளையும் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்த அக்காவின் எடை 58 கிலோ. அடியில்லை, உதையில்லை, வெறுமனே அமர்ந்திருத்தல் மட்டுமே. “இப்போது எழுந்திரு பார்க்கலாம்” என்றார் ஆசிரியை. கீழிருந்தவள் முதலில் சிரித்தாள். பிறகு கால்களை உதைத்தாள்; கைகளை இழுத்தாள்; தன் பலம் முழுவதையும் கூட்டி மேலே தள்ளினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மூச்சு வாங்கியது, கண்களில் நீர் வந்துவிட்டது. சுற்றி நின்று கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் சட்டென்று அடங்கிப் போனோம். மேலே இருந்தவள் அவளுக்கு நன்கு தெரிந்த தோழி. இடமோ நம் பள்ளி மண்டபம். அப்படியிருந்தும் அந்த அச்சம் உண்மையானது.

ஆசிரியை அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “தள்ளினால் எழ முடியாது. இன்றைய பாடம் அவ்வளவுதான்” என்றார்.

தள்ளாமல் எழுவது எப்படி என்பதையே தலையாய பாடமாகக் கொண்ட கலை ஒன்று உண்டு. அதற்குப் பிரேசில் ஜியு-ஜிட்சு என்று பெயர். பெயரில் பிரேசில் இருந்தாலும் அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது.

ஜப்பானில் போர்வீரர்கள் ஆயுதம் இழந்த வேளையில் கைகொண்டு போரிடப் பயின்ற பிடிகளுக்கு ஜூஜுட்சு என்று பெயர். 1860-இல் பிறந்த ஜிகோரோ கானோ என்பவர் பள்ளியில் படித்த காலத்தில் சிறிய உடலும் மெலிந்த தோற்றமும் உடையவர். முரட்டு மாணவர்களிடம் படாதபாடு பட்டவர். அதிலிருந்து தப்பவே அவர் ஜூஜுட்சு கற்றார். 1882-ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஒரு புத்த ஆலயத்தின் அறையில், பன்னிரண்டு பாய்களை விரித்துத் தம் பள்ளியைத் தொடங்கினார். தாம் திருத்தி அமைத்த கலைக்கு ஜூடோ எனப் பெயரிட்டார்.

கானோ செய்த திருத்தம் யாது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததன் கரு அதிலேதான் இருக்கிறது. பழைய ஜூஜுட்சுவில் கண்ணைக் குத்துதல், விரலை முறித்தல் போன்ற கொடிய முறைகள் பல இருந்தன. அவற்றைத் தோழன்மீது முழு வேகத்தோடு பயில முடியாது. பயின்றால் மறுநாள் தோழன் இருக்க மாட்டான். ஆகவே அவற்றை மெதுவாக, நடனம்போல, ஒருவர் ஒத்துக்கொடுக்க மற்றவர் செய்து பார்ப்பார். கானோ அத்தகைய முறைகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து நீக்கினார். எஞ்சிய பிடிகளையும் வீழ்த்தல்களையும், எதிராளி உண்மையாகவே எதிர்க்கும்போது முழு ஆற்றலோடு நாள்தோறும் பழகச் செய்தார். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம்: கொடிய முறைகளைக் கைவிட்டவர்களே வலிமை மிக்கவர்கள் ஆயினர். அறிந்த நூறு வித்தைகளைவிட, இணங்காத ஒருவர்மேல் ஆயிரம் முறை செய்து பார்த்த ஒரு வித்தை நம்பத்தக்கது அன்றோ!

கானோவின் பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா என்பவர் 1904-இல் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் மல்லர்களோடு பொருதிவிட்டு, 1914-இல் பிரேசிலை அடைந்தார். அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த பெலெம் நகரில் குடியேறி, 1941-இல் அங்கேயே காலமானார். அவரிடம் பயின்ற இளைஞருள் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸ் தம் தம்பியருக்குக் கற்பித்தார். அவருள் இளையவரான ஹேலியோ கிரேசி (1913–2009) மெலிந்த உடலினர். தூக்கி எறியும் முறைகளுக்குத் தம் பலம் போதாதென்று கண்டு, தரையில் செய்யும் பிடிகளையே மேலும் மேலும் நுணுக்கி வளர்த்தார் என்று அக்குடும்பத்தார் சொல்வர். ஜூடோ, போட்டி விளையாட்டாக வளர வளர, வீழ்த்துதலுக்கு முதன்மை தந்தது. பிரேசிலில் வளர்ந்த கிளை, வீழ்ந்த பின் நிகழ்வதற்கு முதன்மை தந்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுவே.

ஹேலியோவைப் பற்றிய ஒரு செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்தது. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் ரியோ டி ஜனெய்ரோ நகரின் மரக்கானா அரங்கில், ஜப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரரான மசாஹிக்கோ கிமுராவை அவர் எதிர்த்தார். கிமுரா அவரைவிட எடையிலும் வலிமையிலும் மிகவும் மேம்பட்டவர். வென்றவரும் கிமுராவே. ஹேலியோவின் கையைப் பின்புறமாக முறுக்கிப் பூட்டினார். ஹேலியோ தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். அண்ணன் கார்லோஸ் தலையிட்டுப் போட்டியை நிறுத்தும்படி ஆயிற்று. அந்தப் பூட்டுக்குப் பிரேசில்காரர்கள் இன்றுவரை வழங்கும் பெயர் ‘கிமுரா’. தம்மை வென்றவர் பெயரையே தாம் கற்ற பாடத்திற்கு இட்டார்கள்!

உலகம் இக்கலையைத் திரும்பிப் பார்த்தது 1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். அமெரிக்காவின் டென்வர் நகரில், குத்துச்சண்டை, கராத்தே, மல்யுத்தம் எனப் பல துறை வல்லுநர்கள் எடைப் பிரிவு ஏதுமின்றி மோதிக்கொள்ளும் போட்டி ஒன்று நடந்தது. ஹேலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ளவர், ஒரே இரவில் மூவரை வென்றார். மறு ஆண்டு டிசம்பரில் டான் செவர்ன் என்னும் மல்யுத்த வீரர் அவருக்கு எதிராக வந்தார். அவர் எடை 110 கிலோவிற்கும் மேல். 15 நிமிடங்களுக்கு மேலாக ராய்ஸ் பெரும்பாலும் முதுகு தரையில் பட, செவர்னின் அடியிலேயே கிடந்தார். பார்த்தவர்கள் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணினர். முடிவில் கீழிருந்தபடியே தம் இரு கால்களால் செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணமாகப் பின்னி இறுக்கவே, மேலே இருந்தவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இத்தகைய போட்டிகளில் இரத்தமும் ஆரவாரமும் மிகுதி; அவற்றை நாம் புகழவில்லை. கீழே கிடப்பவர் தோற்றவர் என்ற கணக்கு பிழையானது என்பதற்கு அந்த இரவு ஒரு சான்று, அவ்வளவே.

இது எவ்வாறு இயலும்? இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் நெம்புகோலை நினைவுகூர்ந்தால் போதும்.

மேலே அமர்ந்திருப்பவரை ஒரு நாற்காலியாக எண்ணிக்கொள்வோம். இரு முழங்கால்கள், இரு கைகள் என அவருக்கு நான்கு கால்கள். நாற்காலியை நேராக மேலே தூக்குவது கடினம். ஆனால் ஒரு பக்கத்து இரு கால்களையும் எடுத்துவிட்டால் அது தானே அப்பக்கம் சாயும். அவ்வாறே அவருடைய ஒரு கையை நம் மார்போடு பற்றிக்கொண்டு, அதே பக்கத்துக் காலை நம் பாதத்தால் அடைத்துவிட்டால், ஊன்றிக்கொள்ள அவருக்கு ஒன்றும் இராது. அப்போது இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, இடுப்பைப் பாலம்போல் உயர்த்தி, அந்தப் பக்கமாக உருள வேண்டும். அவரைத் தூக்குவது நம் கையன்று. நம் உடலிலேயே பெரிய தசைகளாகிய தொடையும் இடுப்பும் ஆகும். எட்டாம் வகுப்புச் சிறுமி செய்த பிழை இதுதான். உடலின் மிக மெலிந்த உறுப்பாகிய கையைக்கொண்டு, தன்னைவிடக் கனமான ஒருத்தியை நேர் மேலே தள்ள முயன்றாள்.

இரண்டாவது அசைவுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘இறால்’. (இதைக் கேட்டு எங்களில் கடற்கரைச் சிற்றூரிலிருந்து வரும் தோழியர் வயிறு குலுங்கச் சிரித்தனர்.) ஒருக்களித்துப் படுத்து, ஒரு பாதத்தை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு உந்தினால் உடல் இறால்போல் வளையும். எதிராளியை நகர்த்துவதற்கு மாறாக நாம் நகர்கிறோம். அவருக்கும் நமக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். அதில் முழங்காலை நுழைத்துவிட்டால் பாதி வெற்றி. கால்கள் இரண்டையும் நமக்கும் எதிராளிக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்திய நிலைக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘காவல்’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. நாள் முழுவதும் நம் உடலைச் சுமக்கும் கால்கள் அவை. கைகளைப்போல் எளிதில் சோர்ந்துவிடா.

இவையெல்லாம் இடுப்பின் வித்தைகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறைக்கல்வி வகுப்பில் தொடக்க நூலைப் படிக்கையில், யாக்கோபு விடியும்வரை ஒருவரோடு மற்போர் புரிந்ததும், அவருடைய தொடைச் சந்து தொடப்பட்டு விலகியதும் நமக்குச் சொல்லப்படுகிறது. அதன் ஆழ்ந்த பொருளை மறைநூல் அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம். ஆனால் மற்போர் செய்பவனின் வலிமை எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த நூலாசிரியர் அறிந்திருந்தார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நம் புறநானூற்றிலும் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சி பாடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றி அழுத்துவது, இன்று பிரேசில் பள்ளிகளில் பயிலும் ஒரு நிலையை அப்படியே ஒத்திருக்கிறது.

பூட்டுகளும் கழுத்துப் பிடிகளும் இக்கலையில் ஏராளம். முழங்கைப் பூட்டில் எதிராளியின் ஒரு கைக்கு எதிராக நம் இரு கால்கள், இரு கைகள், இடுப்பு அனைத்தும் வேலை செய்கின்றன. பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடிப்பதற்குச் ‘சிங்கத்தைக் கொல்லுதல்’ என்று பிரேசிலில் பெயர். அது மூச்சுக்குழலை நெரிப்பதன்று. கழுத்தின் இரு புறத்திலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை அழுத்துவது. முறையாகப் பிடித்தால் ஏறக்குறைய 10 விநாடிகளில் பெரிய உடலும் நினைவிழக்கும். ஆசிரியர் அருகில் இல்லாமல் ஒருபோதும் விளையாட்டிற்காகவும் இதைச் செய்யக் கூடாது. பயிற்சியின்போது பிடிபட்டவர் தோழியின் உடலையோ தரையையோ தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும் என்பது மீறக்கூடாத விதி.

இத்துணைப் பிடிகள் இருந்தும், நம்மைப் போன்றோருக்கு மிகவும் வேண்டியது இவற்றில் எதுவும் அன்று, எழுந்து நிற்பதே. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கக் காலை முன்னே ஊன்றி, மற்றக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கி, எஞ்சிய காலை அடியிலூடே பின்னுக்கு இழுத்து நிற்க வேண்டும். கண் எப்போதும் எதிராளிமேல் இருக்கும். நாம் வழக்கமாக எழுவதுபோல் குப்புறத் திரும்பி, முதுகைக் காட்டி எழுந்தால் மறுபடி பிடிபடுவோம். எழுந்தபின் செய்ய வேண்டியது ஓடுவது, கூவி அழைப்பது. நின்று வீரம் பேசுவதன்று.

“சண்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தரையில்தான் முடிகின்றன” என்று இக்கலையின் விளம்பரங்களில் அடிக்கடி காண்கிறோம். அதை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. காவலர்கள் ஒருவனைக் கீழே கிடத்திக் கைது செய்யும் நிகழ்ச்சிகளைப் பற்றி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எடுத்த கணக்கு ஒன்று, வாய்க்கு வாய் மாறி இவ்வாறு பெருத்துவிட்டது என்பர். மேலும் தரையில் கிடப்பது எல்லா வேளையிலும் நல்லதன்று. எதிராளி ஒருவனாக இன்றிப் பலராக இருந்தாலோ, கையில் கத்தி இருந்தாலோ, கீழே மெத்தைக்குப் பதில் கருங்கல்லும் கண்ணாடித் துண்டும் இருந்தாலோ, தரையில் பிடித்துக்கொண்டு கிடப்பது அறிவீனம். இக்கலையைக் கற்றவர் விரும்பித் தரைக்குப் போக வேண்டும் என்பதில்லை. தள்ளப்பட்டு விழுந்தால் திகைத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்பதே பொருள்.

பெண்கள் இத்துறையில் புதியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய காலத்தில், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய எடித் கேரட் அம்மையார் ஜூஜுட்சு கற்பித்தார். 1913-இல் அப்போராட்டத் தலைவியரைக் காக்க அமைந்த மகளிர் காவற்குழுவுக்குப் பயிற்சி தந்தவர் அவரே. ஜப்பானில் கானோவின் நேர் மாணவியான கெய்க்கோ புக்குதா அம்மையாரும் ஐந்தடிக்குக் குறைந்தவர்தாம். பெண்களுக்கு ஐந்தாம் படிக்கு மேல் தரும் வழக்கம் அப்போது இல்லை. ஆகவே பல ஆண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டிருந்த அவருக்கு 1972-இல்தான் ஆறாம் படி கிடைத்தது. அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு உச்சப் படியாகிய பத்தாம் படியை 2011-இல் வழங்கியபோது அவர் வயது 98. பிரேசில் ஜியு-ஜிட்சுவில் கறுப்புக் கச்சை பெற்ற முதல் பெண்மணி இவோன் துவார்த்தே, ஆண்டு 1990. அறுபது எழுபது ஆண்டுகள் ஆண்களிடையே மட்டும் சுற்றிவந்த கலைக்கு அது சற்றுத் தாமதம்தான்.

தற்காப்புப் பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி அளித்தனர். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, பயிற்சி பெறாதவர்களில் 9.8 விழுக்காட்டினரும் பயிற்சி பெற்றவர்களில் 5.2 விழுக்காட்டினரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். முடிவு 2015-இல் வெளியாயிற்று. அப்பயிற்சி ஜியு-ஜிட்சு அன்று. உடலால் எதிர்ப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. தீங்கு வரும் அறிகுறியை அறிவது, அறிமுகமான ஆளாயினும் வாய்திறந்து மறுப்பது ஆகியவையே பெரும்பகுதி. தீங்கு செய்வோர் பெரும்பாலும் இருட்டில் வரும் அந்நியர் அல்லர், தெரிந்தவர்களே என்பதால், அந்த மறுப்பு எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். அச்சத்தில் உடல் உறைந்துபோவதும் இயல்பே. எதிர்க்க முடியாமற் போனவள்மீது எள்ளளவும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் செய்தவனுடையது. கலை கற்ற பெருமையில் இதை மறந்து பேசுவோர் சிலரைக் கண்டதால் இங்கே எழுதுகிறோம்.

வீடுகளில் எழும் தடையையும் சொல்லிவிட வேண்டும். “வயது வந்த பெண்பிள்ளை தரையில் புரண்டு சண்டை பழகுவதா?” என்று எங்களில் பலருடைய பாட்டிமார் கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனவே பயிற்சி பெண்களிடையே மட்டும் நடக்கிறது, கற்பிப்பவரும் பெண்ணே, கைகால் மூடிய தடித்த பருத்தி உடை. ஒரு சனிக்கிழமை எங்கள் தலைமைச் சகோதரி ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார்கள். முடிவில் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: “மெத்தை போதுமா, இன்னும் இரண்டு வாங்கட்டுமா?”

அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி மறு வாரம் வரமாட்டாள் என்றே எண்ணியிருந்தோம். வந்தாள். மூன்று வாரம் மெத்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இறாலாகவே ஊர்ந்தாள். பள்ளிக் கால்சட்டை இடுப்பில் தேய்ந்து வீட்டில் வசவு வாங்கினாள். ஐந்தாம் மாதம் ஆசிரியை முதல்நாள் செய்ததையே மறுபடி செய்யச் சொன்னார். அதே அக்கா, அதே பிடி. அக்காவிடம், “விட்டுக்கொடுக்காதே” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் முறை பாலம் சரிந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் இடுப்பை உயர்த்துவதுபோல் காட்டினாள். அக்கா தடுமாறாமல் இருக்க ஒரு கையை எடுத்துத் தரையில் ஊன்றினாள். அந்தக் கையையே சிறுமி பற்றிக்கொண்டாள். அடுத்த கணம் இருவரும் உருண்டனர். நாங்கள் கண் இமைத்துப் பார்ப்பதற்குள் அவள் இறாலாய் விலகி, ஒரு கை ஊன்றி, மறுகையால் முகம் மறைத்து எழுந்து நின்றாள். பிறகு ஆசிரியை சொல்லித்தந்தபடியே, யாரையும் திரும்பிப் பாராமல், கதவைத் தாண்டி மைதானத்தின் பாதிவரை ஓடிவிட்டாள்.